பெயர் போடாத படம்

இரவு ஒன்பதரைக்கு வேப்பனப்பள்ளி சாலையில் நின்றால் கம்பெனி பஸ்கள் போவதைப் பார்க்கலாம். ஓசூர்ப் பக்கம் நைட் ஷிப்டுக்குப் போகும் பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை, ஜன்னலில் சாய்ந்த தலை.

போன திருவிழாவில் அதே ஊரில், அதே நேரத்தில், என் பழைய மாணவி ஒருத்தியை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். இன்னிசைக் கச்சேரி. டிரம்ஸ் வாசிப்பவரின் கைகளைப் படமெடுக்க ஓரமாக ஏறி நின்றிருந்தாள். "பொம்பளப் புள்ளைக்கு இந்த நேரத்துல மேடையில என்னம்மா வேலை? எறங்கு" என்றார் ஒரு பெரியவர். அந்தக் கேமரா, இரண்டு வருடம் நைட் ஷிப்ட் போய்ச் சேர்த்த சம்பளத்தில் வாங்கியது. அவள் பஸ் ஏறியபோது எந்தப் பெரியவரும் நேரம் பார்க்கவில்லை.

பெண்களின் இரவு வேலையைத் தடுத்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் செல்லாது என்றது. பெண்கள் தொடுத்த வழக்கு அது. அந்த இரவைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. மேடைக்கு மட்டும் இன்னும் பழைய சட்டம்தான்.

கீழே நின்றே எடுத்த அவளுடைய படங்கள் மறுநாள் ஒரு ஸ்டூடியோவின் பெயரில் பேனரில் தொங்கின. கேட்டேன். "அப்பாவே சொல்லிட்டாரு மேடம். பேரு போட்டா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்களாம்."

லிண்டா ஈஸ்ட்மன் என்றால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியின் மனைவி என்றால் தெரியும். 1966-இல் அவள் நியூயார்க்கில் ஒரு பத்திரிகை அலுவலக வரவேற்பாளர். விவாகரத்தானவள், கையில் சிறு மகள். அலுவலகத்துக்கு வந்த அழைப்பிதழை எடுத்துக்கொண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் படகு விருந்துக்குப் போய்ப் படமெடுத்தாள். அங்கிருந்து தொடங்கியது தொழில். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், தி டோர்ஸ் எல்லோரும் அவள் கேமராவுக்கு முன் நின்றவர்கள். 1968 மே மாத 'ரோலிங் ஸ்டோன்' இதழின் அட்டையில் அவள் எடுத்த எரிக் கிளாப்டன் படம் வந்தது. அந்த அட்டையில் ஒரு பெண்ணின் படம் வந்தது அதுவே முதல்முறை. மெக்கார்ட்னியைச் சந்தித்ததும் வேலையாக லண்டன் போன இடத்தில்தான். 1969-இல் திருமணம். அதன்பின் உலகத்துக்கு அவள் 'பீட்டில் பெண்டாட்டி'. மாப்பிள்ளை வீடு லண்டனிலும் கேட்கத்தான் செய்தது.

அவ்வளவு தூரம் போவானேன். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவின் ஆரம்பகாலப் படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. பத்ம விபூஷண் கிடைத்தது 2011-இல், தொண்ணூற்றேழாம் வயதில். தாமதமான மரியாதையைப் பெருந்தன்மை என்று கொண்டாடும் கூட்டங்களில் எனக்கு உட்காரப் பிடிப்பதில்லை.

"திறமை இருந்தால் பெயர் தானாக வரும்" என்று உபதேசிப்பவர்களுக்கு ஒன்று: பெயர் தானாக வராது. யாரோ ஒருவர் அச்சுக்கோக்கும்போது போட வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். இரண்டும் வேலைதான், இரண்டையும் ஆட்கள்தான் செய்கிறார்கள்.

எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு அவளைக் கூலி கொடுத்து அழைக்கவும், மலரில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவள் பெயரைப் போடவும் எழுதிக் கொடுத்தேன். "வெளியாள் எதுக்கு மேடம், நம்ம பசங்களே எடுப்பாங்களே" என்றார்கள். இரண்டாவது கடிதத்தில் பஸ் நேரத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.