தட்டச்சு இயந்திரத்துக்கு மேனி வனைந்தவரின் வீடு

இவ்வாரம் என் சினத்தைக் கிளறியது ஒரு வழவழப்பான சஞ்சிகை. நியூயார்க்குக்கு ரயிலேறி உத்தியோகத்துக்குப் போய்வருவோர் வசிக்கும் நியூ கேனன் என்ற கனெக்டிகட் சிற்றூரில், சென்ற நூற்றாண்டின் நடுவில் எழும்பிய நவீன பாணி வீடுகளைப் பற்றி எழுதப்புகுந்த புண்ணியவான், கட்டுரை முழுவதையும் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்ஸன் 1949ல் கட்டிய கண்ணாடி வீட்டுக்கே தத்தம் செய்துவிட்டு, அதே ஊரில் தமக்கு வீடு கட்டிக்கொண்டவரும், ஐபிஎம் தட்டச்சு இயந்திரத்துக்கு மேனி வனைந்தவருமான எலியட் நோய்ஸுக்கு ஒற்றை வரியை பிக்ஷையாக இட்டிருக்கிறார். நாற்புறமும் கண்ணாடியாய் நிற்கும் அவ்வீட்டின் எதிரிலேயே, முகப்பில் ஜன்னலே இல்லாத செங்கல் விடுதி ஒன்றையும் ஜான்ஸன் கட்டிக்கொண்டார்; அது போதும் அவரைப் பற்றி.

தட்டச்சு இயந்திரத்தின்பால் எனக்குள்ள பிரேமை இப்பத்தியின் பழைய வாசகர்கள் அறிந்ததே. பழைய இயந்திரங்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனிக் கம்பி. அவசரத்தில் இரண்டு ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். காகிதம் தாங்கிய காரியேஜ் இடப்பக்கம் நகர்ந்து, வரி முடியுமுன் மணியடித்து, நம் கையால் தள்ளப்பட்டுத் திரும்பும். 1961ல் வெளிவந்த ஐபிஎம் செலக்ட்ரிக்கிலோ காரியேஜ் அசையாதிருக்க, 88 எழுத்துக்குறிகளைச் சுமந்த சிறு கோளம் ஒன்றே சுழன்றும் சாய்ந்தும் காகிதத்தின் குறுக்கே ஓடி அச்சிட்டது; கோளத்தை மாற்றினால் எழுத்தின் வடிவமே மாறிற்று. உள்யந்திரம் பொறியாளர்களுடையது, கூர்முனையின்றி, ஆற்றுக் கூழாங்கல் போல் திரண்ட அந்த மேனி நோய்ஸ் வனைந்தது.

காகிதம் நகராத இயந்திரத்துக்கு உருவம் தந்த இம்மனிதர், அதற்கு முன்பே, 1955ல், தம் குடும்பம் நகர்ந்தே தீரவேண்டிய வீட்டைக் கட்டியிருந்தார் என்பதை நினைக்க எனக்குச் சிரிப்பு வருகிறது. சமையலும் கூடமும் ஒரு கட்டில், படுக்கையறைகள் மறு கட்டில், இடையே திறந்த முற்றம், ஓரங்களில் கருங்கற் சுவர்கள். முற்றத்தையொட்டிய நடைக்குக் கூரையுண்டு, குளிருக்குத் தடையில்லை. பனிக்காலக் காலையில் காப்பி வேண்டுமென்றால் வெளிக்காற்றில் நடந்துதான் போகவேண்டும். கண்ணாடிப் பேழையில் காட்சிப் பொருளாயிருப்பதைவிட இந்த அசௌகரியம் நூறு மடங்கு மேல் என்பது என் தீர்ப்பு.

பரணில் பழைய தட்டச்சு இயந்திரம் வைத்திருக்கும் அன்பர்கள், அதை எடைக்குப் போடுமுன் எனக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். வண்டிச் சத்தம் என் பொறுப்பு.