‘தனிப்பிரிவு’, ‘எஸ்பிசிஐடி’, ‘கியூ பிரிவு’... நம்மைக் கவனிப்பவர்களை யார் கவனிக்கிறார்கள்? | எக்ஸ்பிளெய்னர்

உங்களுக்கு மார்க்கையன்கோட்டையில் வீடு. வெளிநாட்டு வேலைக்காக பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில நாட்களில் ஒரு போன் வரும். “தம்பி, ஸ்டேஷன்ல இருந்து பேசுறேன். வீட்லதான இருக்கீங்க?”

வருபவர் பெரும்பாலும் சீருடையில் இருக்கமாட்டார். ஆதார், ரேஷன் கார்டைப் பார்ப்பார். பக்கத்து வீட்டில் ரெண்டு வார்த்தை விசாரிப்பார். கடைசியாகக் கேட்பார்: “போராட்டம் கீராட்டம்னு போயி ஏதாச்சும் கேஸ் இருக்கா?”

நம்மில் பலருக்கு உளவுத்துறையோடு ஏற்படும் முதல் நேரடி அறிமுகம் இதுதான். சினிமாவில் வரும் ‘ரா’ ஏஜென்ட்டெல்லாம் அப்புறம். நம் ஊரில் உளவு என்பது டீக்கடையில், கோயில் திருவிழாவில், கட்சிக் கூட்டத்தின் கடைசி வரிசையில் இருந்து ஆரம்பிக்கிறது.

யார் யார் இருக்கிறார்கள்?

பெயர்களைக் கேட்டாலே குழப்பம் வரும். எளிமையாகப் பிரித்துப் பார்ப்போம்.

* தனிப்பிரிவு: மாவட்ட எஸ்.பி.யின் கண்ணும் காதும். ஒவ்வொரு காவல் நிலைய எல்லையிலும் இதற்கென ஆள் உண்டு. யார் கூட்டம் போடுகிறார்கள், எந்தத் தெருவில் தகராறு புகைகிறது என்பதைத் தினமும் மேலே சொல்வதுதான் வேலை.

* எஸ்பிசிஐடி: மாநில உளவுத்துறையின் முக்கியக் கரம். இதன் அறிக்கைகள் சென்னைக்குப் போகும். அரசியல், சாதி, மதம், தொழிலாளர் பிரச்சினை எல்லாமே இதன் எல்லைக்குள் வரும். தகவல் திரட்டுவதுதான் இதன் அடிப்படை வேலை.

* கியூ பிரிவு: நக்சல் இயக்கங்களைக் கண்காணிக்க 1970-களின் தொடக்கத்தில் உருவானது. பிறகு விடுதலைப் புலிகள், இலங்கைத் தமிழர் முகாம்கள், கடல்வழிக் கடத்தல், போலி பாஸ்போர்ட் வழக்குகள் என்று வேலை விரிந்தது. மற்ற பிரிவுகளிலிருந்து ஒரு பெரிய வித்தியாசம்: இவர்களே வழக்குப் பதிவு செய்யலாம், கைது செய்யலாம்.

* ஐ.பி.: மத்திய உளவுத்துறை. 1887-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கியது. ‘ரா’ 1968-ல் வந்தது, அதன் வேலை வெளிநாடுகளில்.

கம்பம் பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது?

நிறையவே. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று கேரளாவுக்குள் போக மூன்று மலைப்பாதைகள். ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் ஜீப்பில் ஏறிப் போய்வரும் தொழிலாளர்கள். ஒரு பக்கம் பதற்றம் என்றால் மறுபக்கமும் உடனே பற்றிக்கொள்ளும்.

2011 டிசம்பரில் அதைப் பார்த்தோம். முல்லைப் பெரியாறு விவகாரத்தில் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லையை நோக்கிக் கிளம்பினார்கள். போக்குவரத்து நின்றது, போலீஸ் குவிக்கப்பட்டது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் நடும் ஊர்களுக்கு அது வாழ்வாதாரப் பிரச்சினை. உளவுத்துறைக்கு அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

அதற்கு முன்பு, 2007 ஜூனில் பெரியகுளம் அருகே முருகமலைக் காட்டுப் பகுதியில் மாவோயிஸ்ட்டுகள் எனச் சிலர் கைது செய்யப்பட்டார்கள். 2008 ஏப்ரலில் கொடைக்கானல் மலையில் என்கவுன்ட்டர் நடந்தது. அதன்பிறகு பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும் எதிர்ப்பும் வலுத்தது.

ஆயுதம் வைத்திருப்பவரும் உளவுத்துறையின் பார்வையில் வருகிறார், தண்ணீருக்காகக் கோஷம் போடுபவரும் வருகிறார். இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கும் கோட்டை யார் போடுவது? இதுதான் அடிப்படைக் கேள்வி.

உளவுத்துறை தேவையே இல்லையா?

கண்டிப்பாகத் தேவை. 1998 பிப்ரவரி 14 கோவை தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபரில் அதே கோவையில் கார் வெடித்தது. அதில் இறந்தவர் 2019-லேயே என்ஐஏ விசாரித்தவர் என்ற தகவல் பிறகு வெளியானது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு காவல்துறையில் பயங்கரவாதத் தடுப்புக்கென்றே தனிப் பிரிவு வந்தது.

ஆனால், தகவல் திரட்டுவது பாதி வேலைதான். தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். இதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்தும் மேலிடத்தில் உரிய நடவடிக்கை இல்லை என்பது அதன் முக்கியமான கண்டறிதல்களில் ஒன்று.

யோசித்துப் பாருங்கள். நான்கு ஆண்டு கழித்து, ஓர் ஆணையம் போட்டதால்தான் அந்த எச்சரிக்கை பற்றியே நமக்குத் தெரிந்தது.

போனை ஒட்டுக்கேட்க முடியுமா?

முடியும், நிபந்தனைகளோடு. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இருக்க வேண்டும். மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் உத்தரவிட வேண்டும். 1996-ல் பியுசிஎல் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட வழிகாட்டுதல்கள்தான் இதற்கு அஸ்திவாரம். இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டமும், 2024 டிசம்பரில் வந்த விதிகளும் அமலில் உள்ளன.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தார். சாதாரணக் குற்ற விசாரணைக்காக ரகசியமாக போனை ஒட்டுக்கேட்பதைப் ‘பொதுப் பாதுகாப்பு’ என்ற காரணத்துக்குள் கொண்டுவர முடியாது, அது அந்தரங்க உரிமையை மீறுவது என்பது தீர்ப்பின் சாரம்.

சரி, உத்தரவு சரியா தப்பா என்று யார் பார்ப்பார்கள்? மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையிலான மறுஆய்வுக் குழு. உத்தரவு போடுவதும் அரசு அதிகாரி, சரிபார்ப்பதும் அரசு அதிகாரிகள். நீதிபதியோ, எதிர்க்கட்சி எம்எல்ஏவோ அதில் கிடையாது.

ஆர்டிஐ போட்டுக் கேட்கலாமா?

பெரும்பாலும் பதில் வராது. ஆர்டிஐ சட்டத்தின் 24(4) பிரிவு, மாநில உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. எஸ்பிசிஐடி, கியூ பிரிவு இரண்டும் தமிழ்நாட்டின் விலக்குப் பட்டியலில் உள்ளன. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவல் என்றால் மட்டும் இந்த விலக்கு செல்லாது. மனித உரிமை மீறல் தகவலுக்குத் தகவல் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்.

இன்னொரு விஷயம். ஐ.பி., ‘ரா’ இரண்டுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. 2011-ல் மணீஷ் திவாரி எம்.பி. ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

லக்சம்பர்க்கைப் பார்ப்போம். பரப்பளவில் தேனி மாவட்டத்தைவிடச் சற்றுச் சின்ன நாடு. மக்கள் தொகை சுமார் 6.7 லட்சம். தேனியில் 2011 கணக்கெடுப்பிலேயே 12.45 லட்சம் பேர்!

அந்தக் குட்டி நாட்டின் உளவு அமைப்பின் பெயர் எஸ்ஆர்இஎல். அதன் இயக்குநரே, பிரதமர் ழான் குளோட் யுங்கரோடு 2007-ல் பேசியதை ரகசியமாகப் பதிவு செய்தது 2012-ல் அம்பலமானது. பதிவு செய்த கருவி, கைக்கடிகாரம்! நாடாளுமன்ற விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சட்டவிரோத ஒட்டுக்கேட்பு உட்பட பல புகார்கள் கிளம்பின. உளவுத்துறையைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு பிரதமர் மேலேயே விழுந்தது. 2013 ஜூலையில் ராஜினாமாவை அறிவித்தார். அக்டோபரில் முன்கூட்டியே தேர்தல். 18 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரதமராக இருந்தவர், பதவியை இழந்தார்.

2016-ல் புதிய சட்டம் வந்தது. உள்நாட்டு அரசியலை உளவு பார்க்கக் கூடாது என்று அதில் எழுதியே வைத்தார்கள். நாடாளுமன்றக் கட்சிகளின் தலைவர்கள் அடங்கிய குழு உளவுத்துறையைக் கண்காணிக்கிறது.

அங்கும் தப்பு நடந்தது. ஆனால், தப்பைக் கேட்க ஓர் இடம் இருந்தது. நம்மிடம் இல்லாதது அந்த இடம்தான்.

சரி, என் பாஸ்போர்ட் என்னாகும்?

* பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் பாஸ்போர்ட் அதிகாரியின் முடிவு. போலீஸ் தருவது அறிக்கை மட்டுமே.
* எஃப்ஐஆர் இருப்பது மட்டுமே மறுக்கப் போதாது. நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றிருந்தால்தான் ‘நிலுவையில் உள்ள வழக்கு’ என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.
* வழக்கு நிலுவையில் இருந்தாலும், அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு பாஸ்போர்ட் வாங்க வழி உண்டு.
* விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள். அதுவே தனிச் சிக்கலாகிவிடும்.

2021-ல் தமிழ்நாடு அரசு, நியூட்ரினோ எதிர்ப்பு உள்ளிட்ட போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் வழக்கு போனால், அன்று கூட்டத்தின் ஓரத்தில் நின்று பெயர்களைக் குறித்துக்கொண்டவரின் நோட்டிலிருந்து அந்தப் பெயரும் போய்விடுமா? அதைத் தெரிந்துகொள்ள ஆர்டிஐ-யும் கைகொடுக்காது, கேள்வி கேட்க சட்டமன்றக் குழுவும் இல்லை.

உங்கள் வீட்டுக்கு வரும் ஏட்டையாவிடம் கேட்டாலும் பதில் கிடைக்காது. அவர் அவருடைய வேலையைத்தான் பார்க்கிறார். இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம், ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வருகிறவர்களிடம்.