ஒரே இன்னிங்ஸ், பிராட்மேனுக்கு மேலே!

போன சிம்போசியம் முடிஞ்சதும், சிறந்த வாலண்டியர் யார்னு கண்டுபிடிக்க நான்தான் குவெரி எழுதினேன். வந்த ஷிஃப்ட்டை ஒதுக்கின ஷிஃப்ட்டால் வகுத்து, இறங்கு வரிசையில் அடுக்கினேன். ஒரே ஒரு ஷிஃப்ட் வாங்கி அதுக்கு மட்டும் வந்தவன் 100 சதவீதத்தோடு முதலிடம். 20-ல் 19-க்கு வந்து ஓடி ஓடி வேலை பார்த்த ஜூனியர் பொண்ணு, 95 சதவீதத்தோடு அவனுக்குக் கீழே. சர்டிஃபிகேட்டும் கொடுத்தாச்சு. குவெரியில் எரர் எதுவும் வரலை. தப்பு என் மேலதான்.

கிரிக்கெட் பார்க்கிறவங்களுக்கு இது பழைய கதை. வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி கேன்டோம் ஆடியது ஒரே டெஸ்ட், 1948-ல், இங்கிலாந்துக்கு எதிரா. பேட் பிடிச்சது ஒரே இன்னிங்ஸ். அடிச்சது 112, சராசரியும் 112. பிராட்மேன் 80 இன்னிங்ஸில் 70 முறை அவுட்டாகி 6996 ரன் எடுத்தார், சராசரி 99.94. வெறும் ஆர்டர் பை போட்டா கேன்டோம்தான் மேலே. அதனாலதான் சராசரிப் பட்டியல்களில் ‘குறைந்தது 20 இன்னிங்ஸ்’ மாதிரி ஒரு வரம்பு வைக்கிறாங்க. குரூப் பை போட்ட குவெரியில் அது ஒரே ஒரு ஹேவிங் வரி.

இன்னும் சில பொறிகள் இருக்கு. போஸ்ட்கிரெஸ்ஸில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தா தசமம் காணாமப் போகும். பிராட்மேன் வெறும் 99 ஆயிடுவார். அவுட்டே ஆகாத ஆள் இருந்தா, பூஜ்ஜியத்தால் வகுக்கப் போய் குவெரி நின்னுடும். நல்இஃப் போட்டா எரர் போயிடும். ஆனா நல்ஸ் லாஸ்ட் சேர்க்கலைன்னா, இறங்கு வரிசையில் அந்த நல்தான் முதல்ல வந்து நிக்கும்.

இதெல்லாம் சின்டாக்ஸ், தேடினா கிடைச்சிடும். வரம்பு அஞ்சா பத்தாங்கிறது எங்கேயும் கிடைக்காது. அதை நாமதான் முடிவு பண்ணணும், அதுவும் ரிசல்ட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே. பார்த்துட்டு வரம்பு வெச்சா, நமக்கு வேண்டியவங்களை மேலே ஏத்துற வேலையாயிடும். சதவீதத்துக்குப் பக்கத்திலேயே எத்தனைக்கு எத்தனைங்கிற காலமும் இருக்கணும். ‘100 சதவீதம் பிளேஸ்மென்ட்’னு போஸ்டர் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான்: எத்தனை பேர்ல?

அந்த ஜூனியர்கிட்ட மன்னிப்பு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னா: “பரவாயில்லண்ணா, அடுத்த வருஷம் நானும் ஒரே ஒரு ஷிஃப்ட் வாங்கிக்கிறேன்.”