பெயர் சந்தைக்கு, உழைப்பு பெண்ணுக்கு

கம்பள வணிகர்கள் 'புகாரா' என்று அழைக்கும் பழைய செந்நிறக் கம்பளங்கள் புகாராவில் நெய்யப்பட்டவை அல்ல. இமாம் புகாரி (ரஹ்) பிறந்த அந்நகரின் சந்தையில் விற்கப்பட்டதால் அப்பெயர் பெற்றன. அவற்றை நெய்தவர்கள் மத்திய ஆசியாவின் துர்க்மன் குலப் பெண்கள்.

அவர்களது தறி தரையோடு படுத்திருக்கும். கூட்டம் இடம்பெயரும்போது முளைகளைப் பிடுங்கி, அரைகுறை நெசவோடு சுருட்டி எடுத்துச் செல்லலாம். ஆட்டு ரோமத்தை நூற்று, மஞ்சிட்டி இன வேரால் சிவப்பும் அவுரியால் நீலமும் ஏற்றினர். 'குல்' என்னும் எண்கோண வடிவம் தெக்கே, யோமுத், சாலோர் என ஒவ்வொரு குலத்துக்கும் வேறுபட்டது. மணப்பெண் ஏறிச் செல்லும் ஒட்டகத்தின் இருபுறமும் தொங்க, 'அஸ்மாலிக்' என்னும் இணை விரிப்புகளையும் நெய்தனர்.

1881-இல் கியோக் தெபே கோட்டை ரஷ்யப் படையிடம் வீழ்ந்தது. 1888-இல் இருப்புப்பாதை சமர்கந்தை எட்டியது. வீட்டுக்கென நெய்தவை வெளிநாட்டுச் சந்தைக்குச் சென்றன. செயற்கைச் சாயமும் தறிக்குள் புகுந்தது.

2019-இல் யுனெஸ்கோ துர்க்மெனிஸ்தானின் கம்பளக் கலையை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சியே. ஆயினும், பழங்கம்பளத்தைக் கண்டு அதன் குலத்தைச் சொல்லிவிடும் அறிஞர்களாலும், நெய்த பெண்ணின் பெயரைச் சொல்ல இயலுவதில்லை.

நாம் தொழ விரிக்கும் முஸல்லாவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் உழைப்பு உண்டு. விலையைக் கேட்கும் நாம், உழைத்தவருக்கு உரிய கூலி சேர்ந்ததா என்றும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.