வெயில் நேரத்துத் தின்பண்டம்

தாய்மார்களே, மாசி, பங்குனி வெயிலில் பள்ளி விட்டு வரும் பிள்ளை முதலில் கேட்பது சிவப்புச் சிரப் தண்ணீர்தான். வகுப்பில் கறுத்த பற்களைத் தினமும் பார்ப்பதால் சொல்கிறேன், கொதித்து ஆறிய தண்ணீரையே கொடுங்கள்.

பெரட்டுக்குக் கிளம்பும்போது பச்சைப்பயறை ஊறப் போடுங்கள். வேலை முடிந்து வந்ததும் அரை மணியில் வெந்துவிடும். கடுகு, கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்ப்பூ தூவினால் சுண்டல். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள், ஊசிப்போகும். அவித்த கச்சானும் நல்லதுதான். ஆனால் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கச்சான் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், அதில்தான் கவனம் வேண்டும். பச்சைக் கிழங்கிலும் அரைவேக்காட்டிலும் நஞ்சு உண்டு. தோலை முழுக்க உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கும் கிழங்கைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. பயல்கள் விளையாட்டாகப் பச்சையாகவே கடிப்பார்கள், கண்டித்து வையுங்கள்.

கடை ஆப்பிளுக்குக் காசு தேட வேண்டாம். வேலியோரக் கொய்யாவில் வைட்டமின் சி அதைவிடப் பல மடங்கு. உப்பும் மிளகாய்த்தூளும் கேட்பார்கள், கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளட்டும்.