முறிந்தது இடுப்பன்று

சொல் பிழைத்தால் பொருள் பிழைக்கும் என்று இலக்கண வகுப்பில் ஓயாது சொல்லி வருகிறோம். அப்பிழை உயிருக்கே கேடாய் முடிவதும் உண்டு. முதியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து எழமாட்டாது கிடந்தால், “இடுப்பு முறிந்துவிட்டது” என்கிறோம். பெரும்பாலும் முறிந்தது இடுப்பன்று, தொடையென்பின் மேல்முனை. பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்களே, அதிலே பந்தைத் தாங்கி நிற்கும் கழுத்தோ, கழுத்தின் கீழுள்ள புடைப்போ முறிகின்றது.

இடுப்பு என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது எண்ணெயும் கட்டும் பாயுந்தான். முறிவு தெறிவு வைத்தியத்தைத் தமிழரும் சிங்களவரும் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்துள்ளனர். அதனை இகழ்தல் என் கருத்தன்று. ஆனால் தொடையென்பின் கழுத்து கையென்பு போன்றதன்று. பந்து போன்ற அதன் தலைக்கு இரத்தங் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் பெரும்பாலும் அக்கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் குழாய்களும் அறுந்துபோகலாம். அறுந்தபின் எத்தனை திங்கள் கட்டி வைத்தாலும் தலை பட்டுப்போகும்.

ஆதலின் முதியோருக்குக் கழுத்து முறிந்து விலகியிருப்பின், அத்தலையை அகற்றி உலோகத் தலை பொருத்துதலே பெருவழக்கு. 1940இல் அமெரிக்க வைத்தியர் ஒஸ்டின் மூர் உலோகத்தாற் செய்த தொடைத்தலையைப் பொருத்தினார். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி கிண்ணத்தையும் சேர்த்து மாற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார். கழுத்துக்குக் கீழே முறிந்தாலோ நிலை வேறு. அங்கே இரத்தவோட்டம் மிகுதி, என்பு பொருந்தும். ஆயின் நொய்ந்துபோன என்பு பல துண்டாய்ச் சிதறுவதால், தகடும் திருகாணியும் கொண்டோ, என்பின் உட்குழலூடே செலுத்தும் உலோகக் கோல் கொண்டோ நிறுத்தவேண்டும். முறிவு தண்டுவரை இறங்கியிருப்பின் கோலையே பெரிதும் நாடுவர். எது தக்கதென்று எக்ஸ்ரேப் படம் பார்த்து வைத்தியர் தீர்மானிக்கட்டும். நம் கையில் உள்ளது காலந்தாழ்த்தாமை.

எங்கள் கிராண்ட்பாஸில் எண்பது கடந்த அம்மையார் ஒருவர் விழுந்து பதினொரு நாள் பாயிற் கிடந்தார். தேசிய வைத்தியசாலை இங்கிருந்து சில கிலோமீற்றர் தூரமே. “இந்த வயசில அம்மாவுக்குக் கத்தி வைக்கிறதா, மாஸ்டர்?” என்றார் மூத்த மகன். அன்பினாற் சொன்ன சொல்; அதில் எனக்கு ஐயமில்லை. பன்னிரண்டாம் நாள் மூச்சுத் திணறிற்று. வைத்தியசாலை சேர்ந்தபோது என்பைப் பற்றிப் பேச ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும், “அம்மா, உங்களுக்கு என்ன விருப்பம்?” என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை; அறிவு தெளிந்தவர், பத்திரிகை வாசிப்பவர்.

கத்திக்கு அஞ்சுகின்றோம், பாய்க்கு அஞ்சுவதில்லை. அசையாது கிடப்பவருக்குப் படுக்கைப் புண் வரும். நெஞ்சிற் சளி கட்டி நியூமோனியா வரும். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைக்கும். கொல்லுவன பெரும்பாலும் இவையே. 17 நாடுகளில் 2,970 நோயாளரை வைத்து நடந்த ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற் சத்திரசிகிச்சை பெற்றோரையும் ஒருநாள் அளவிற் பெற்றோரையும் ஒப்புநோக்கியதில், இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை; ஆனால் முந்திப் பெற்றோருக்கு மனக்குழப்பம் குறைந்தது, அவர்கள் விரைவில் எழுந்து நின்றனர். “வேறுபாடில்லையாமே!” என்று மகிழ்வோர் கவனிக்க: ஒப்பிடப்பட்டது ஆறு மணியும் ஒருநாளும், ஆறு மணியும் பதினொரு நாளுமன்று.

வயதைக் காட்டி மறுப்போருக்கு ஒன்று சொல்வேன். இங்கிலாந்தின் அரசன்னை எலிசபெத் 1998இல் விழுந்து தொடை முறிந்தபோது அவருக்கு 97 வயது. செயற்கை மூட்டுப் பொருத்தினர், 2002வரை வாழ்ந்தார். அரண்மனை வசதி நமக்கேது என்பீர்கள். மெய்தான். ஆனால் மூப்பு அரண்மனைக்கும் தோட்டத்து வீட்டுக்கும் ஒன்றே.

எல்லார்க்கும் கத்தி பொருந்தும் என்று நான் சாதிக்கவில்லை. இறுதி நோயில் இருப்பவருக்கு வலி தணித்தலே தக்கதாகலாம். அதனையும் வைத்தியர் சொல்லவேண்டும், அறிவுள்ளவரையில் முதியவரும் சொல்லவேண்டும். வாசலில் கூடிய சுற்றத்தார் சொல்வதன்று.

அரசினர்க்கும் ஒரு விண்ணப்பம். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்தும் உபகரணமும் தட்டுப்பட்டு, அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் பல இடங்களிற் பிற்போடப்பட்டன. அத்தகைய நாள் மீண்டும் வரின், முதியோரின் தொடைமுறிவைப் பிற்போடத்தக்க பட்டியலிற் சேர்த்தலாகாது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே இந்நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது கடந்தவர்கள்.

தமிழில் இவற்றை எழுத இயலாதென்று சொல்லவும் வழியில்லை. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியங் கற்பித்து, 1867இல் ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திர நூலைத் தமிழில் வெளியிட்டார். நான் என் மாணவர்க்குத் ‘தொடைக்கழுத்து முறிவு’ என்றும் ‘தொடைப்புடைப்பு முறிவு’ என்றும் சொல்லிக் கொடுக்கிறேன். பின்னது நாவில் இடறுகிறது. இதனினும் எளிய சொல் உடைய அன்பர்கள் இப்பக்கத்திற்கு எழுதுவார்களாயின், வரும் தவணையிலிருந்து அதனையே வழங்குவேன்.