மறதிநோயாளரைப் பேணுவோருக்குப் பயிற்சி வேண்டும்

மும்பையின் மான்குர்த்திலும் அதையடுத்த சீட்டா கேம்ப்பிலும் குடியிருந்து, விடியற்காலையில் ஹார்பர் ரயிலேறிச் செம்பூருக்கும், வடாலாவில் வண்டி மாறி மாட்டுங்காவுக்கும் சென்று, விருத்தாப்பியத்தால் தளர்ந்தவர்களுக்குச் சிசுருஷை செய்யும் நம் தமிழ்ப் பெண்களை ஆயா என்ற ஒரே பெயரில் அடக்கி, குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் துணி மாற்றுவதுமே அவர்கள் வேலை என்று கருதிவிட்ட சமூகம், முதியவருக்கு மறதிநோய் கண்டிருந்தால் அவ்வேலை முற்றிலும் வேறொரு வித்தையாகிவிடுகிறது என்பதை இன்னும் உணரவில்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்பது 2023இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு.

நகையைத் திருடிவிட்டாய் என்று பெரியவர் குற்றஞ்சாட்டினால், பயிற்சி பெறாதவள் அவமானத்தால் குமுறுவாள். பொழுது சாயும் வேளையில், சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவர் பரிதவித்தால், இதுதான் வீடு என்று வாதாடி அவர் கலக்கத்தைப் பெருக்குவாள். அவள்மீது தோஷமில்லை. இவை மூளையின் சிதைவால் விளைபவை என்றும், தர்க்கம் பலிக்காத அவ்விடத்தில் இதமான வார்த்தை பலிக்கும் என்றும் அவளுக்கு ஒருவரும் போதிக்கவில்லை. இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. நேற்றுவரை ஓரளவு தெளிவாயிருந்தவர் இன்று திடீரென்று பிதற்றினாலோ மயங்கிக் கிடந்தாலோ, மறதிநோய் முற்றிவிட்டது என்று வாளாவிருத்தல் ஆகாது. சிறுநீர்த் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, புதிதாய்த் தொடங்கிய மருந்தோ அந்தச் சித்தக் குழப்பத்தை உண்டாக்கியிருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டினால் பல சமயம் தணிந்துவிடும். அந்த மாறுதலை முதலில் காணக்கூடியவள், நாள் முழுதும் அருகிலிருக்கும் அவளே.

மறதிநோயால், பின்னாளில் கற்ற ஆங்கிலமும் ஹிந்தியும் நழுவிப்போக, தாய்மொழி மட்டுமே எஞ்சி நிற்கும் முதியவர்கள் உண்டு. மாட்டுங்காவின் தமிழ்ப் பாட்டி ஒருத்தி அந்நிலையை அடைந்தபின், மான்குர்த்துப் பெண்ணின் தமிழ் அவளுக்கு எத்தகைய ஆதரவு! இந்த அரிய தகுதிக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் மதிப்பில்லை.

மான்குர்த்திலுள்ள சிறார் இல்லத்தைப் பற்றி பத்திரிகையாளர் ஷீலா பார்ஸே தொடுத்த வழக்கில், 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அர்ப்பணிப்புள்ளவர்களைத் தேடி, முறையான பயிற்சி அளித்து, அத்தகையோரையே இல்லங்களில் அமர்த்த வேண்டும் என்று கூறியது. குழந்தைகளின் பொருட்டு எழுந்த அந்த நியாயத்தை முதியோருக்கு மறுக்க எவருக்கும் உரிமையில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

பேணுகிறவளுக்கும் ஒரு மனம் உண்டு. பன்னிரண்டு மணி நேர ஊழியமும், உறக்கமற்ற இரவுகளும், உறவினரைப்போல் பழகிய ஒருவரின் மரணமும் அவளை வாட்டுகையில், அவள் மனம்விட்டுப் பேசுவதற்கு ஓரிடம் பயிற்சியின் பகுதியாகவே அமைய வேண்டும்.

அருகே தேவ்னாரில் டாடா சமூக விஞ்ஞானக் கழகம் இருக்கிறது. மாநகராட்சி அதன் துணையோடு தமிழிலும் மராத்தியிலும் ஹிந்தியிலும் வகுப்புகளை மான்குர்த்திலேயே நடத்தி, வகுப்பு நாட்களில் இழக்கும் கூலியையும் ஈடுசெய்து, பயின்றவர்களுக்கு அதிக ஊதியம் தருவதை ஆள் அனுப்பும் பீரோக்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் நிபந்தனையாக்க வேண்டும்.